இரண்டு பழைய கார்களும் ஓர் அமானிதமும்

 

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, மதரஸாப் பிள்ளைகள் வருவதற்கு முன் தக்கலையில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். தமக்கையின் மகன் வந்து ஸலாம் சொல்லி அருகில் அமர்ந்தான். "மாமா, ஒரு விஷயத்துல உங்க அபிப்பிராயம் வேணும்" என்றான். தொழுகை பற்றியோ ஜகாத் பற்றியோ கேட்பான் என்று நினைத்தோம். அவனோ, "டிராக் டேக்கு எந்தக் காரைக் கொண்டுபோகலாம்? வாப்பாவோட சிட்டியா, உங்க எஸ்டீமா?" என்றான்.

அவன் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளனாகப் பணிபுரிகிறான். அங்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப் பாதை இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள வளையப் பாதை அது. பந்தயம் இல்லாத சில நாட்களில், கட்டணம் செலுத்தும் பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். அதைத்தான் டிராக் டே என்கிறார்கள். ஹெல்மெட் கட்டாயம். வாகனத்தைப் பரிசோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். கொடிகளின் பொருளைக் கற்பிப்பார்கள். பதினைந்து, இருபது நிமிடங்கள் ஓட்டியபின் வெளியே வந்துவிட வேண்டும்.

இதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாம் ஃபத்வா வழங்கும் தகுதியுடையவர் அல்லர். நாம் விசாரித்தது இவ்வளவே: பரிசுப் பணம் உண்டா? இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, வென்றவர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டா? இல்லை. கட்டும் பணம் பாதைக்கான வாடகை மட்டுமே. ஆகவே சூதாட்டத்தின் சாயல் அதில் நமக்குத் தெரியவில்லை. எஞ்சியவை பெருமை, வீண்விரயம், உயிராபத்து ஆகிய மூன்று. நம் ஊர்ச் சாலைகளில் நள்ளிரவில் பைக் ஓட்டிப் பிள்ளைகள் மடிவதைக் காண்கிறோம். வேகத்தின் மீது ஆசை கொண்ட இளைஞன், எதிரே பேருந்தும் ஆடும் வராத இடத்தைத் தேடிப் போகிறான் என்றால், அவனை விரட்டுவதைவிட வழிகாட்டுவதே நல்லது என்று நமக்குத் தோன்றியது.

இனி அந்த இரண்டு கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 2001-ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி விடெக். மச்சான் ஷார்ஜாவில் உழைத்த பணத்தில் வாங்கியது. 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன். அக்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய சாதாரணக் கார்களில் அதற்கு ஈடு சொல்ல மிகச் சிலவே இருந்தன. மச்சான் வஃபாத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் அது தேங்காப்பட்டணத்தில் தமக்கையின் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மருமகன் விடுமுறைக்கு வரும்போது ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவான். எஞ்சின் ஒரே திருகலில் உயிர் பெறும்.

இரண்டாவது, நம்முடைய 2004-ஆம் ஆண்டின் மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 85 குதிரைத்திறன், 900 கிலோவுக்கும் குறைந்த எடை. தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நாள்தோறும் ஓடுகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், மாலை மதரஸாவுக்கு நாம் செல்வதும் அதில்தான்.

மருமகன் கேட்ட உடனே நாம் சொன்ன பதில் இது: "உன் வாப்பா ஆசைப்பட்டு வாங்கின வண்டி. அதுக்கு பவரும் அதிகம். அதையே கொண்டு போ மக்கா."

அவன் முகம் மலர்ந்தது. அவன் உள்ளத்தில் இருந்த விடையும் அதுவே. வாப்பாவின் காரை ஒருமுறையேனும் அதன் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவனது நீண்டநாள் ஏக்கம். மகிழ்ச்சியோடு எழுந்து போனான்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் நமக்கு உறக்கம் வரவில்லை. நம் பதிலை நாமே திரும்பக் கேட்டுப் பார்த்தோம். நாவு மச்சானின் பெயரைச் சொன்னது. நஃப்ஸோ, 'நம் கார் தப்பியது' என்று நிம்மதி கொண்டிருந்தது. எஸ்டீமைக் கொடுத்து அதன் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்து வந்தால் செலவு நம்முடையது. மதரஸாவுக்குப் பேருந்தில் போக வேண்டியவரும் நாமே. அந்தக் கணக்கைத்தான் பாசம் என்ற துணியால் மூடிக் கொடுத்திருந்தோம். சிட்டியின் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், ஒரு விதவையின் ஒரே மகனை அதில் ஏறச் சொல்லிவிட்டோம்.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் எத்தனையோ முறை பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம். கேட்டவனின் நலனை விட்டுவிட்டுத் தன் நலனை நோக்கிப் பதில் சொல்வது, ஒப்படைத்த பொருளைக் களவாடுவது போன்றது. அந்தப் பாடம் நமக்கே திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஃபஜ்ரு முடிந்ததும் நமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு தேங்காப்பட்டணம் சென்றோம். கடற்கரை ஊரின் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை அந்தக் காரின் அடிப்பாகம் சொல்லியது. பின் சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் குழாய் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. முன் சக்கரங்களின் ரப்பர் ஹோஸை வளைத்தால் வெடிப்புகள் வாய் திறந்தன. டயரின் தடம் ஆழமாகப் புதிதுபோலவே இருந்தது. ஆனால் அதன் பக்கவாட்டில் 3214 என்ற நான்கு இலக்கங்கள் இருந்தன. 2014-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை. ஆர்.சி.யும் காலாவதியாகியிருந்தது.

பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. மெக்கானிக் அதைக் காட்டி விளக்கினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். ஊர்ச் சாலையில் அந்தச் சூடு வருவது அரிது. பந்தயப் பாதையிலோ ஒவ்வொரு வளைவுக்கும் முன் பலமாக பிரேக் மிதிக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் மிதித்த பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இதைக் கேட்டபோது நம் கைகள் குளிர்ந்தன.

மருமகன் தலை குனிந்து நின்றான். "எஞ்சின் நல்லாத்தானே இருக்கு மாமா" என்றான். எஞ்சின் நன்றாக இருந்ததுதான் ஆபத்தே. ஓடத் தெரிந்த, நிற்கத் தெரியாத வண்டி அது.

அவனைத் திண்ணையில் அமர்த்தி ஒரு செய்தியைச் சொன்னோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். தீனியை அளந்து, போர்வையிட்டு வியர்க்கச் செய்து, உடல் இறுகும்வரை பக்குவப்படுத்திய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை எல்லை வகுத்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல். பக்குவப்படுத்தாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. அது ஒரு மைல். இப்னு உமர் (ரலி) அவர்களும் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி இருக்கிறது. குதிரையின் குலமும் வேகமும் எவ்வளவு உயர்ந்தவையாயினும், எவ்வளவு தொலைவு ஓடலாம் என்பதை அதன் தயார்நிலையே முடிவு செய்தது.

"ஆறு வருஷமா கொட்டகையில நிக்கிற குதிரையை மக்கா ஆறு மைலுக்கு விடப் பாக்குற. நேத்து அதுக்குச் சரின்னு சொன்னவன் நான். என்னை மன்னிச்சிரு" என்றோம். அவன் நம் கையைப் பற்றிக்கொண்டான்.

முடிவு எஸ்டீம் என்றாயிற்று. காரணங்கள் எளியவை. அது தினமும் ஓடுவதால் அதன் ஒவ்வொரு சத்தமும் நமக்குத் தெரியும். எடை குறைவு என்பதால் பிரேக்குக்கும் டயருக்கும் பாரம் குறைவு. உதிரிப்பாகங்களும் எளிதில் கிடைக்கின்றன. திறன் குறைவாக இருப்பதும் கற்பவனுக்கு நன்மையே. தவறு செய்தால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். அந்தப் பாதைக்குப் பெயர் தந்த கோவை கரிவர்தன் அவர்கள், மாருதி 800-இன் சிறிய எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தவர். 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவரே. சிறியதில் கற்பது இழுக்கு அல்ல.

பிரேக் ஆயிலையும் முன் பிரேக் பேடுகளையும் புதிதாக மாற்றினோம். ஸ்டெப்னி, ஜாக்கி, இருக்கைக்கடியில் கிடந்த தண்ணீர்ப் போத்தல்கள், கண்ணாடியில் தொங்கிய துஆ அட்டை அனைத்தையும் பரிசோதனைக்கு முன் இறக்கிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். வளைவில் உருளும் போத்தல் பெடலுக்கடியில் சிக்கினால் போதும், விபரீதம் விளையும். வழக்கமான மோட்டார் காப்பீடு பந்தயப் பாதையில் ஏற்படும் சேதத்தை ஏற்காது என்பதையும் அறிந்து, இழப்பு நேர்ந்தால் நம் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டோம்.

தமக்கை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "தம்பி, நீயும் கூடப் போகணும்."

சென்றோம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளைக் கடந்து, மதுரை வழியாக நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். பாதைக்கு ஏற்ற கார் என்பது, அங்கே போய் ஓடிவிட்டு வீடு திரும்பவும் கூடிய கார் என்பது அப்போது புரிந்தது.

அன்று அங்கே வந்திருந்தவற்றுள் நம்முடையதே மிகப் பழைய கார்களில் ஒன்று. மருமகனைப் பலரும் முந்திச் சென்றனர். தோற்கடிக்கப்படாதிருந்த நபியவர்களின் ஒட்டகம் அள்பா ஒரு நாள் ஒரு கிராமவாசியின் ஒட்டகத்திடம் பின்தங்கியபோது தோழர்கள் வருந்தினார்கள். உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்று நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்திய செய்தியை முந்தைய நாளே அவனுக்கு நினைவூட்டியிருந்தோம். நீலக்கொடி கண்டவுடன் வழிவிட்டான்.

இரண்டாம் சுற்றுப் பயிற்சியின் நடுவில் பெடல் சற்று மென்மையாக இறங்குவதை உணர்ந்து, வேகம் குறைத்து, தானாகவே வெளியே வந்துவிட்டான். ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிட்டோம். கொதிக்கும் சூட்டில் ஹேண்ட் பிரேக் இழுப்பது நல்லதன்று. புதிய ஆயிலும் புதிய பேடும் இருந்த இலகுவான காருக்கே அந்நிலை. கொட்டகையில் நின்ற காரில் அவன் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் எழுந்தது. நிழலில் விரித்த முஸல்லாவில் லுஹரைச் சுருக்கித் தொழுதபோது ஸஜ்தாவில் நெடுநேரம் இருந்தோம்.

ஊர் திரும்பியபின் முன் டயர்கள் இரண்டின் ஓரங்களும் தேய்ந்துபோயிருந்ததைக் கண்டோம். மாற்றும்வரை மூன்று நாட்கள் மதரஸாவுக்குப் பேருந்தில் சென்றோம். நாம் அஞ்சிய செலவு அவ்வளவே. மருமகன் டயர்களின் விலையைத் தர முன்வந்தான். அந்தப் பணத்தை வாப்பாவின் சிட்டிக்குப் புதிய பிரேக் குழாய் வாங்கச் சொன்னோம். ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு பாகமாக அதைச் சீர்செய்து வருகிறான். இன்ஷா அல்லாஹ் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டதும், தன் தாயை முன்னிருக்கையில் அமர்த்திக் குளச்சல் வரை மெதுவாக ஓட்டிச் செல்வதே அந்தக் காரின் முதல் பயணமாக இருக்கும் என்கிறான்.

அன்பான பெற்றோர்களே! பிள்ளைகள் ஆலோசனை கேட்டு வருவது நமக்குக் கிடைக்கும் பெரும் பாக்கியம். காராயினும், படிப்பாயினும், திருமணமாயினும், பதில் சொல்வதற்கு முன் அந்தப் பதிலால் யாருக்கு இலாபம் என்று ஒரு கணம் உள்ளத்தைக் கேட்டுவிடுவோம். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்க நினைத்தவரின் செய்தியை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். கயிறு உறுதியானதுதானா என்று தொட்டுப் பார்ப்பது பெரியவர்களாகிய நம் கடமை.

அமானிதத்தைப் பேணுகின்ற நல்லோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி, நம் பிள்ளைகளின் பயணங்கள் அனைத்தையும் ஸலாமத்தாக்கி வைப்பானாக! மச்சானின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.