சமுதாயக் கல்லூரியில் கட்டுமானம் படித்த ஓர் ஆண்டு

என் தன்விவரக் குறிப்பில் முனைவர் பட்ட ஆய்வு, முதுநிலைப் பொறியியல், இளநிலைப் பொறியியல், பாலிடெக்னிக் பட்டயம் என்று இறங்கிவரும் வரிசையின் அடியில் ஒரு வரி உண்டு: கட்டுமானத் தொழில்நுட்பம், ஓராண்டுப் படிப்பு, சமுதாயக் கல்லூரி, 2014–15. அதை நீக்கிவிடுமாறு நண்பர்கள் சிலர் அன்போடு அறிவுறுத்தியிருக்கிறார்கள். முதுநிலைச் சேர்க்கைக்கான நேர்காணல் ஒன்றில் குழுவினர் ஒருவர் அந்த வரியின்மீது விரல் வைத்து, "இது கொத்தனார்களுக்கான படிப்பல்லவா?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். அவர் அடுத்த வினாவுக்குப் போய்விட்டார். அந்த "ஆம்" என்பதை விரித்துரைக்க அன்று இடம் கிடைக்கவில்லை. இங்கே கிடைக்கிறது, பதிவின் நீளத்தைப் பொறுத்தருள்க.

சமுதாயக் கல்லூரி என்பது வடிவத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901இல் தொடங்கப்பட்ட கல்லூரியை அதன் முன்னோடியாகச் சொல்வார்கள். இந்தியாவில் முதலாவது 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தால் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1978–79இல், நடுவண் அரசு 36 பாலிடெக்னிக்குகளில் சமுதாய பாலிடெக்னிக் திட்டத்தைத் தொடங்கி ஊரக மக்களுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சி அளிக்க முயன்றது. பள்ளியைப் பாதியில் விட்டவர், வயது கடந்தவர், கூலி வேலைக்கு இடையே படிக்க விரும்புபவர் ஆகியோருக்கும் ஒரு வாசல் வேண்டும் என்பதே இவற்றின் பின்னுள்ள எண்ணம். நான் படித்தது புதுச்சேரியில் இருந்த சிறிய கல்லூரி ஒன்று. பெயர் இங்கே தேவையில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளியில் மேல்நிலை வகுப்பில் கணிதப் பிரிவு கிடையாது. வணிகவியல் படித்த எனக்குக் கட்டடக்கலை ஐந்தாண்டுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியே இல்லை. வீடுகளின் தரைப்படங்களைக் கணக்கேட்டின் பின்பக்கங்களில் வரைந்துகொண்டிருந்தவளுக்கு அகப்பட்ட ஒரே கதவு இந்த ஓராண்டுப் படிப்பு. இருபத்தெட்டுப் பேர் சேர்ந்தோம். பதினேழு வயதுச் சிறுவனும் நாற்பதைத் தொட்ட சென்ட்ரிங் தொழிலாளியும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். பெண்கள் ஆறு பேர். அவர்களில் நால்வர் ஏற்கெனவே சித்தாளாக வேலை செய்தவர்கள்.

முற்பகலில் வகுப்பு, பிற்பகலில் பின்புறத்து மணல்வெளியில் செய்முறை. அங்கே சுவர் கட்டுவோம், அளப்போம், மறுநாள் இடிப்போம். செங்கல்லைச் சுரண்டி மீண்டும் பயன்படுத்த வேண்டியிருந்ததால் கலவையில் சிமெண்டுக்குப் பதில் மண்ணும் சுண்ணாம்பும்தான். எலிப்பொறிக் கட்டை முதன்முதலாக அங்குதான் கட்டினேன். லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை அது. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினால் ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும். மிச்சமாகும் என்று படிப்பது வேறு. எட்டு வரிசை எழுப்பிவிட்டு, மீந்த கற்களைத் தன் கையால் எண்ணிப் பார்ப்பது வேறு.

அளவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு ஆசிரியர்கள். முற்பகல் ஆசிரியர் பொறியியல் பட்டதாரி, மீட்டரில் பேசுவார். பிற்பகலுக்கு வந்தவர் ஓய்வுபெற்ற மேஸ்திரி, அடியில் பேசுவார். கரும்பலகையில் 20 மில்லிமீட்டர் சரளை என்று எழுதப்பட்டது மணல்வெளியில் "முக்கால் ஜல்லி" ஆகும். 40 மில்லிமீட்டர் "ஒன்றரை ஜல்லி". மணலையும் ஜல்லியையும் கனமீட்டரில் கணக்கிட்டுவிட்டு, லாரிக்காரரிடம் "யூனிட்" என்று கேட்க வேண்டும்; நூறு கன அடி ஒரு யூனிட், அதாவது 2.83 கனமீட்டர். கம்பியின் பருமன் மேஸ்திரியின் வாயில் "நூல்": அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 12 மில்லிமீட்டர்க் கம்பி அவருக்கு நாலு நூல் கம்பி.

பல ஆண்டுகள் கழித்து வட இந்தியாவில் கள ஆய்வு செய்தபோது அங்குள்ள தொழிலாளர்களும் கம்பியை இதே அளவால் குறிப்பதைக் கேட்டேன். அவர்கள் "சூத்" என்கிறார்கள். அச்சொல்லுக்கும் நூல் என்றே பொருள். இரு மொழிகள் ஒரே அளவை ஒரே உருவகத்தால் சுமந்துகொண்டிருக்கின்றன. எந்தப் பாடநூலிலும் நான் அதைப் பார்த்ததில்லை. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் முளைத்தது.

இதைச் சொன்னவுடன் கைப்பழக்கத்தை வானளாவப் புகழப் போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிலாளரின் கைப்பக்குவத்தை எண்ணி உருகும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் மேஸ்திரி மூன்று, நான்கு, ஐந்து அடி என்று நூல் பிடித்து மூலைமட்டம் பார்த்தால் ஒரு மயிரிழை பிசகாது. ஆனால் கான்கிரீட் இளக்கமாக ஓடவேண்டும் என்பதற்காகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார். முற்பகல் ஆசிரியர் அவரோடு வாதாடவில்லை. இரண்டு கலவைகளில் 150 மில்லிமீட்டர்க் கனசதுரங்கள் வார்க்கச் செய்து, தண்ணீர்த் தொட்டியில் 28 நாள் வைத்து, பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் நசுக்கிக் காட்டினார். எங்களிடம் அந்த இயந்திரம் இல்லை. தண்ணீர் கூடிய கனசதுரம் எவ்வளவு முன்னதாக நொறுங்கியது என்பதை மேஸ்திரி முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷமா இத யாரும் எனக்குக் காட்டலையே சார்" என்றார். அதற்குப் பிறகு தண்ணீரை அளந்து ஊற்றினார். ஒரு படித்தவரும் ஒரு மேஸ்திரியும் ஒருவர் முன்னிலையில் மற்றவர் பாடம் கேட்ட வகுப்பறையை அதற்குப் பின் நான் எந்த உயர்கல்வி நிறுவனத்திலும் காணவில்லை.

மேஸ்திரியின் முறையும் வந்தது. 2014ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று, மழைக்காலத்தில், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட நகராட்சிக் கட்டடம் அது. நாங்கள் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தோம். ஊரே சோகமாக நின்ற அந்த இடத்தில் மேஸ்திரி எங்களுக்கு வகுப்பெடுத்தார். பழைய கட்டடங்களில் தேக்கு விட்டங்களின்மேல் செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையும் செங்கல் ஜல்லியும் போட்டு அடித்து இறுக்கிய தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்த தளங்கள் அவை. சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனைதான் அவற்றின் உயிர்நிலை. ஈரம் அங்கே தங்கினால் மரம் உள்ளேயே உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூச்சைப் பூசினால் ஈரம் சிறைப்படும். இந்தக் கட்டடத்துக்கு என்ன நேர்ந்தது என்று தாம் சொல்லவில்லை என்றும், இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு என்ன நேரும் என்பதையே சொல்வதாகவும் அவர் இரண்டு முறை கூறினார். ஆய்வாளர்களில் பலருக்கு வாய்க்காத எச்சரிக்கை அது.

மேரி மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. சுண்ணாம்புக் கலவையையே என் ஆய்வுப் பொருளாக நான் எடுத்துக்கொண்டதற்கு அந்த நவம்பர் மாலைதான் காரணம்.

பெண்களின் செய்தி தனி. கட்டுமானக் களத்தில் பெண் கலவை சுமப்பாள், செங்கல் எடுத்துக் கொடுப்பாள், தளத்துக்குத் தண்ணீர் விடுவாள். கரண்டி மட்டும் அவள் கைக்கு வராது. ஆண் சித்தாளாகச் சேர்ந்தால் சில ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுவான். பெண் சித்தாளாகவே மூப்படைவாள். எங்கள் வகுப்பில் பதினோராண்டு சித்தாள் வேலை செய்த அக்கா ஒருவர் இருந்தார். கலவை விகிதத்தைச் சட்டிக் கணக்கில் அவர் சொன்னால், பிறகு நாங்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கும்போது சரியாகவே இருக்கும். தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேரைப் பார்ப்பதில் இருபத்தெட்டுப் பேரில் அவருக்கு இணை இல்லை. பதினோராண்டு கீழே நின்று அண்ணாந்து பார்த்த கண் அது.

படிப்பு முடிந்ததும் சான்றிதழை எடுத்துக்கொண்டு தாம் முன்பு வேலை செய்த ஒப்பந்தக்காரரிடமே போனார். "கரண்டி பிடிக்கிறதுன்னா பிடி, கூலி பழைய கூலிதான்" என்றாராம் அவர். அக்கா திரும்பிவிட்டார். வகுப்புத் தோழியர் இருவரைச் சேர்த்துக்கொண்டு சுற்றுச்சுவர், கழிப்பறை, மாட்டுக்கொட்டகைத் தளம் என்று சிறு வேலைகளைத் தாமே ஒப்பந்தம் பேசி எடுக்கத் தொடங்கினார். ஜார்க்கண்டில் கழிப்பறைத் திட்டத்தின்போது கொத்துவேலை பயின்ற பெண்களை "ராணி மிஸ்திரி" என்று அழைத்தார்கள். ஹிந்தியில் கொத்தனாருக்கு "ராஜ் மிஸ்திரி" என்று பெயர். அதற்கு அதுவரை பெண்பால் தேவைப்படவில்லை. தமிழில் நம்மிடம் இன்றும் அப்படியொரு சொல் வழக்கில் இல்லை. அக்காவை ஊரில் "சுவர்க்கார அக்கா" என்கிறார்கள்.

என் பாதை வேறு திசையில் போயிற்று. ஓராண்டுப் படிப்பு எந்தக் கணக்கிலும் சேராது என்பதால் பாலிடெக்னிக்கில் முதலாமாண்டிலிருந்து தொடங்கினேன். மூன்றாண்டுப் பட்டயம் முடித்தபோது எனக்கு முன்னால் இரண்டு வாசல்கள். பொறியியலுக்குப் போனால் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். கட்டடக்கலைக்குப் போனால், கணிதத்தோடு பட்டயம் பெற்றிருந்தும், முதலாமாண்டில் நின்று ஐந்தாண்டையும் படிக்க வேண்டும். நான்காண்டுக் காலம் சுவரும் வரைபடமுமாகக் கழித்தவளுக்கு ஒரு பருவத்தின் சலுகைகூட இல்லை. வீட்டில் அண்ணன் ஒருவர் சம்பாத்தியத்தில் ஐவர் இருந்தோம். கட்டடவியல் பொறியியலில் சேர்ந்தேன். என்னோடு கட்டடக்கலை உதவியாளர் பட்டயம் படித்தவர்களில் பெரும்பாலோர் இன்று வரைவாளர்களாக இருக்கிறார்கள். பிறர் பெயரில் வெளிவரும் வரைபடங்களின் ஒவ்வொரு கோட்டையும் அவர்கள் வரைகிறார்கள்.

இந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம், பதிவு பெறாத ஒருவர் "கட்டடக்கலைஞர்" என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: சட்டம் காப்பது அந்தப் பெயரைத்தான், வடிவமைப்பது, மேற்பார்வையிடுவது போன்ற செயல்களைப் பிறர் செய்வதை அது தடைசெய்யவில்லை. ஆக, வேலையைச் செய்யலாம்; பெயரைச் சொல்லக் கூடாது. பெயரைக் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. தகுதியற்றவர் வரைந்த வீட்டில் குடியிருப்பவர்தாமே அதன் விலையைக் கொடுக்கிறார். அந்தப் பெயருக்குப் போகும் வழியில் ஏற்கெனவே கற்றதை அளந்து பார்க்கக்கூட மறுப்பதுதான் என் வினா.

இந்தப் பிரிவினை பழையது. 1847இல் தொடங்கிய ரூர்க்கிக் கல்லூரி பொறியாளர்களுக்கு ஒரு வகுப்பும் கீழ்நிலை மேற்பார்வையாளர்களுக்கு வேறு வகுப்புகளுமாக நடத்தியது. காலனிய அரசின் பொதுப்பணித் துறைக்கு அத்தகைய படிக்கட்டு தேவைப்பட்டது. ஆனால் வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியாவின் முறைசார்ந்த கட்டடக்கலைக் கல்வி பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் வரைவாளர்களுக்கான வகுப்பாகவே பிறந்தது. எந்த வகுப்பின் வயிற்றிலிருந்து பட்டப்படிப்பு வந்ததோ, அந்த வகுப்பினருக்கு இன்று பட்டப்படிப்பின் இடைவாசல் சாத்தியிருக்கிறது. துறைசார் கருத்தரங்கொன்றில் இதைச் சொன்னபோது அவையினர் சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

2023இல் வெளியான தேசிய கிரெடிட் சட்டகம், தொழிற்கல்வியையும் பணி அனுபவத்தையும் கிரெடிட்டுகளாகக் கணக்கிட வழி உண்டு என்கிறது. அது காகிதத்திலிருந்து இறங்கிவர வேண்டுமானால், சுவரை நேராக எழுப்பத் தெரிவது, கலவையைக் கண்ணால் அறிவது, தரைப்படத்தைக் களத்தில் நூல் பிடித்து இடுவது போன்றவற்றை எத்தனை மணி நேரப் படிப்பாகக் கொள்வது, யார் தேர்வு வைப்பது என்பவற்றை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். மேஸ்திரிகள் அந்தக் குழுவில் இடம்பெறாமல் அதை எழுத முடியாது என்பது என் கருத்து. முற்பகல் ஆசிரியர்கள் மட்டும் எழுதினால் நூல் என்பது மில்லிமீட்டராக மாறிவிடும், அவ்வளவுதான் நடக்கும்.

ஆய்வேட்டின் கடைசி இயலுக்காக, சமுதாயக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் நடந்த கட்டுமானப் படிப்புகளின் பாடத்திட்டங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். அச்சிட்டவை, தட்டச்சு செய்தவை, ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்பேடுகள் எவையாயினும் பயன்படும். குறிப்பாகப் பெண்களுக்குக் கொத்துவேலை கற்பித்த வகுப்புகளின் வருகைப் பதிவேடோ செய்முறைக் குறிப்போ உங்கள் ஊரில் எவரிடமேனும் இருக்குமானால் உள்பெட்டியில் தெரிவியுங்கள். நேரில் வந்து படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.