நோகாத கட்டி

ஒக்டோபர் பிறந்தால் அல் கோபாரின் கடைத்தொகுதிகள் இளஞ்சிவப்பு நிறமெடுக்கும். 2009இல் சவூதி புற்றுநோய் நிறுவனம் இந்தக் கிழக்கு மாகாணத்தில் மமோகிராம் கருவி பூட்டிய வாகனமொன்றை ஓடவிட்டு, நாற்பது தாண்டிய பெண்களைத் தேடிப்போனது. அதற்கு மூன்று வருடம் முன்னர், ஜித்தாவின் மகப்பேற்று வைத்தியர் சாமியா அல் அமூதி தனக்கு மார்புப் புற்றுநோய் என்பதைப் பத்திரிகையில் தன் பெயரிலேயே எழுதினார். நோயின் பெயரைச் சொல்லாமல் 'அந்த வருத்தம்' என்று குரலைத் தாழ்த்துவது எங்களுடைய சனம் மட்டுமல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

நாங்கள் என்றால், துக்பாவில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் யாராவது ஒருத்தி வீட்டில் கூடும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, நாகர்கோவில் என்று பல ஊர். இரண்டு பேர் தாதிகள். சங்கமில்லை, தலைவியில்லை, தேநீர் உண்டு.

இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது முதலில் இடறியது சொல். துண்டுப்பிரசுரத்தில் 'மார்பகம்', வாயில் வருவது 'நெஞ்சு'. நெஞ்சில் கட்டி என்று சொன்னால் இருதய வைத்தியரிடம் அனுப்பிவிடுவார்கள் என்று ஒருத்தி பகிடி விட்டாள். 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கே தமிழ்நாட்டில் எவ்வளவு கூச்சல் எழுந்தது. அந்தச் சொல்லை ஒரு அறைக்குள் இயல்பாகச் சொல்ல எங்களுக்கு மூன்று வெள்ளிக்கிழமை பிடித்தது.

அடுத்த இடறல் இன்னும் ஆழமானது. எங்கள் மொழியில் நோவதுதான் நோய். மார்பில் வரும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தொடக்கத்தில் நோவதில்லை. நொந்தால் ஓடிப்போவார்கள், நோகாததை எண்ணெய் பூசிக்கொண்டு விட்டுவிடுவார்கள். மார்பில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றே அல்ல என்பதும் உண்மை. ஆனால் எது எதுவென்று விரல் சொல்லாது. ஸ்கானும் ஊசியால் எடுக்கும் திசுவும்தான் சொல்லும்.

மாதாமாதம் தாங்களே தடவிப் பார்க்கும் முறையைப் படம்போட்டுக் காட்டுவதை நாங்கள் விட்டுவிட்டோம். ஷங்ஹாயில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆலைத்தொழிலாளிப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது: அந்தப் பயிற்சி மரணத்தைக் குறைக்கவில்லை. மும்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1998இல் தொடங்கிய ஆய்வு வேறு கதை. ஒன்றரை லட்சம் பெண்களில் பாதிப்பேரை, பயிற்சிபெற்ற சாதாரண சுகாதார ஊழியைகள் இரண்டு வருடத்துக்கொருமுறை கையால் பரிசோதித்தார்கள். 2021இல் வந்த முடிவின்படி ஐம்பது தாண்டியவர்களில் மார்புப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. கருவியில்லாத இடத்திலும் பழகிய கைக்கு வேலை இருக்கிறது என்று எங்கள் தாதிகள் இருவரும் இதைக் கேட்டு நிமிர்ந்தார்கள். நாங்கள் இப்போது சொல்வது சுருக்கம்: கட்டி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, தோடம்பழத் தோல்போலத் தடித்த தோல், இவற்றில் எது புதிதாக வந்தாலும் அந்தக் கிழமையே காட்டு.

"யாரிட்டக் காட்டுறது?" என்றாள் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் ஒருத்தி.

இந்தக் கேள்வி எந்த இளஞ்சிவப்புப் பதாகையிலும் இல்லை. ஊரிலிருந்து புறப்படுமுன் 'மெடிக்கல்' எடுக்கிறார்கள். சளிக்கு நெஞ்சு எக்ஸ்ரே, எயிட்ஸ், ஈரல் அழற்சி, கர்ப்பம். அவளுடைய உடம்பை அதுவரை யாரும் அவளுக்காகச் சோதித்ததில்லை. அவளை அனுப்பலாமா என்று பார்க்கத்தான் சோதித்தார்கள். 'அன்ஃபிட்' என்ற சொல்லுக்குப் பயந்து பழகியவளிடம் போய், உன் உடம்பில் குறை தேடு என்கிறோம். 2018 ஜூனில் இந்நாட்டுப் பெண்களுக்கு வாகனம் ஓட்டும் அனுமதி வந்தது. அவளுக்கோ இன்றைக்கும் மடம் கூட்டிப்போனால்தான் ஆஸ்பத்திரி. கட்டியை மறைப்பவளை அறியாமை என்று எழுதிவிடுகிறார்கள். அவள் கணக்குப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

கேட்டவளுக்கே கட்டி இருந்தது. நாற்பத்திமூன்று வயது. ஒப்பந்தத்தில் எட்டு மாதம் பாக்கி, ஊரில் பாதியில் நிற்கும் வீடு.

"எட்டு மாசம் தாங்குமோ?"

தாங்கும் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. எங்கள் தாதி ஒருத்தி மடத்திடம் நேரில் போய் அரபியில் கதைத்தாள். திரும்பி வந்து அழுதாள். ஸ்கான் செய்ய மனுசி சம்மதித்தாள், செலவையும் தந்தாள். ஆனால் முடிவு வந்த கிழமையே பயணச்சீட்டு எடுத்துவிட்டாள். இரக்கமா, கைகழுவலா என்று நாங்கள் இன்னும் வாதாடுகிறோம்.

யுத்த காலமென்றால் வடக்கிலிருந்து ஒருத்தி மகரகமவுக்குப் போவதே ஒரு புலப்பெயர்வு. இவள் தெல்லிப்பழைக்குப் போனாள். 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை சனங்கள் நடந்து சேர்த்த காசில் எழுந்து, 2013இல் திறந்த புற்றுநோய் ஆஸ்பத்திரி அது. முதற் கட்டத்திலேயே பிடித்திருக்கிறார்கள் என்று சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரற்பதிவு அனுப்பினாள். தலைமயிர் கொட்டுது, கறி உப்பில்லாத மாதிரி இருக்குது, மழை பெய்யுது என்றாள்.

போன கிழமை இன்னொரு பதிவு வந்தது. "அக்காமார், ஒரு உதவி. மடம் என்னைத் திரும்ப எடுப்பாவோ எண்டு கேட்டுப் பாருங்கோ. வருத்தம் மாறீட்டுது எண்டு சொல்லுங்கோ."