காலிப் பேரல்

குப்பனூர் வழியாக ஏற்காடு மலையேறும் பஸ்ஸில் கொட்டச்சேட்டில் இறங்கினால், கார்த்திகை மார்கழியில் முதலில் மூக்கில் ஏறுவது காப்பிப் பழத்தோல் புளித்த வாடை. எனக்கு மட்டும் அந்த வாடைக்கு அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் மணக்கும். அப்பா ரைட்டராக இருந்த தோட்டத்தில், பழத்தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்தின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பேரல் கிடந்தது. பல்பரை ஓட்டும் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் அதில்தான் வரும். இருநூறு லிட்டர்.

ஒரு தடவை அதன் மேல் விளிம்பருகே துருவேறி ஓட்டை விழுந்தது. பற்ற வைக்கச் சேலத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். "காலிதான் மேஸ்திரி, நேத்தே கவுத்து வடிச்சாச்சு" என்றார் அப்பா. மேஸ்திரி மூடியைத் திருகி எடுத்து மோந்து பார்த்தார். "நெறஞ்ச பேரலுக்குக் கூட நான் அவ்வளவு பயப்படமாட்டனுங்க ரைட்டரே. காலிப் பேரலுக்குத்தான் பயம்" என்றவர், என் பக்கம் திரும்பி, "தம்பி, ஓடையில தண்ணி இருக்குதா?" என்றார்.

பதினைந்து குடமாவது சுமந்திருப்பேன். ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் வந்த பிறகுதான் அவர் தீயைப் பற்றவைத்தார். மூடியைத் திறந்தே வைத்திருந்தார். தோள் வலியில் அன்று அவரைத் திட்டித் தீர்த்தேன்.

பிறகு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை. விமானத்துக்குள் அல்ல, வெளியே. விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குச் சோக் வைப்பது, ஜிபியு வண்டியிலிருந்து கரண்ட் கொடுப்பது, ஏசியு வண்டியின் மஞ்சள் குழாயை வயிற்றடியில் மாட்டிக் குளிர்காற்று அனுப்புவது. இருபத்தெட்டு வருஷம் அந்த மஞ்சள் குழாயோடு போயிற்று. பயணிகளுக்கு வியர்க்காமல் இருக்கத்தான் அது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு விபத்து. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கில் கிளம்பிய டிடபிள்யூஏ 800 என்ற போயிங் 747 விமானம் கடலுக்கு மேலே வெடித்து விழுந்தது. 230 பேர். குண்டு என்றார்கள், ஏவுகணை என்றார்கள். நான்கு வருஷம் துருவிய பிறகு, 2000 ஆகஸ்டில் அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது: வெடித்தது விமானத்தின் நடு எரிபொருள் டேங்க். 747இன் அந்த டேங்க் ஏறத்தாழ 49,000 லிட்டர் பிடிக்கும். அன்று அதில் இருந்தது 50 கேலன் அளவு, அதாவது சுமார் 190 லிட்டர். எங்கள் பேரல் ஒன்றுக்குக் கூடக் காணாது. அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தோள் வலித்தது.

அந்த டேங்குக்கு நேர் அடியில்தான் விமானத்தின் ஏசி பேக் இருக்கிறது. உள்ளே குளிர்விக்கிற இயந்திரம், வெளியே அடுப்பு. கோடையில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையில் நின்ற அந்த விமானத்தில், அடுப்பு மேலே இருந்த கொஞ்ச எண்ணெயை ஆவியாக்கியது. விமான எரிபொருள் மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு. 38 டிகிரிக்கு மேல் சூடானால் தீப்பற்றத் தோதான ஆவி கிளம்பிவிடும். அது தரைக் கணக்கு. உயரே போகப் போக அதைவிடக் குறைந்த சூடே போதும். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகும் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். காரணம் ஒன்றுதான்: காற்றின் அழுத்தம் குறைவு.

1990 மே மாதம் மணிலாவில் பிலிப்பைன்ஸ் ஏர்லைன்ஸின் 737, புஷ்பேக் செய்யும்போதே வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். 2001 மார்ச் 3 அன்று பாங்காக்கில் தாய் ஏர்வேஸின் 737, தாய்லாந்துப் பிரதமர் ஏறுவதற்குச் சற்று முன் வெடித்தது. பணியாளர் ஒருவர் இறந்தார். இரண்டும் வெயில் நேரம், இரண்டும் தரையில், இரண்டிலும் கிட்டத்தட்டக் காலியான நடு டேங்க், அடியில் ஓடிக்கொண்டிருந்த ஏசி பேக். மஞ்சள் குழாய் மாட்டியிருந்தால் பேக்கை அணைத்து வைக்கலாம். அதற்குப் பிறகு நான் அதை மாட்டின தோரணையே வேறு.

டீசல் மிச்சம் என்று ஏசியுவை அணைக்கச் சொன்ன மேலாளர்களும் உண்டு. பெயர் வேண்டாம்.

நமக்குப் பக்கத்திலும் நடந்தது. 2006 மே 4, பெங்களூரு. மலேசியாவின் டிரான்ஸ்மைல் சரக்கு விமானம், 727, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துச் செல்லும்போது இடது இறக்கை டேங்க் வெடித்தது. இது நடு டேங்க் அல்ல, ஏசி பேக்கைக் குற்றம் சொல்ல முடியாது. டேங்குக்குள் போகும் அலுமினியக் குழாய்; அதற்குள் பம்புக்கான ஒயர்; ஒயரின் உறை தேய்ந்து பொறி கிளம்பியிருக்கிறது.

வெகுகாலம் விமானம் கட்டுபவர்கள் நம்பியது இதை: டேங்குக்குள் ஆவி இருக்கட்டும், பொறி மட்டும் போகாமல் பார்த்துக்கொள்வோம். மேஸ்திரி அப்படி நினைக்கவில்லை. பொறி வரத்தான் போகிறது, தானே கையில் தீயோடு நிற்கிறோம் என்று தெரிந்து, ஆவிக்கு இடமில்லாமல் செய்தார்.

1996 டிசம்பரிலேயே, டிடபிள்யூஏ விபத்தை விசாரித்த அந்த வாரியம் சொல்லிவிட்டது: டேங்கில் நைட்ரஜன் நிரப்புங்கள், அடுப்புக்கும் டேங்குக்கும் நடுவே தடுப்பு வையுங்கள், கிளம்பும் முன் தரையடித் தொட்டியின் குளிர்ந்த எண்ணெயை நடு டேங்கில் விடுங்கள் என்று. தரையிலிருந்தே நைட்ரஜனைக் குழாய் வழியாக நிரப்பிவிடலாம் என்று ஒரு யோசனையும் எழுந்தது. எண்ணெய் நிரப்ப பௌசர் வருவதுபோல, நைட்ரஜன் நிரப்ப இன்னொரு வண்டி. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். டேங்குக்குள் அது 12க்குக் கீழே போனால் பொறி விழுந்தாலும் வெடிக்காது. அமெரிக்க விமானத் துறை 737இல் சோதித்தும் பார்த்தது. நான் அதைப் படித்துவிட்டு, நம்ம விமான நிறுத்துமிடத்திலும் ஒருநாள் மஞ்சள் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாய் வரும் என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

வரவில்லை. 2001இல் கூடிய நிபுணர் குழு, ஆகும் செலவுக்கும் கிடைக்கும் பலனுக்கும் பொருந்தவில்லை என்றது. ஒவ்வொரு விமான நிலையத்திலும் நைட்ரஜன் ஆலை, குழாய், வண்டி, ஆள். தொழில்நுட்பரீதியாகவும் ஒரு குறை உண்டு. விமானம் ஏறும்போது எண்ணெயில் கரைந்திருந்த ஆக்சிஜன் வெளியே வரும். இறங்கும்போது வெளிக்காற்று துவாரம் வழியாக உள்ளே புகும். தரையில் கொடுத்த நைட்ரஜன் நீண்ட பயணம் முழுக்க நிற்காது. ஆனால் அந்தச் சோதனைகள் வீண் போகவில்லை. 12 போதும், ராணுவ விமானங்களுக்கு வைத்திருந்த 9 தேவையில்லை என்று தெரிந்ததும் கருவி சிறிதாயிற்று. எஞ்சின் காற்றை நுண்ணிய துளைக் குழல்கள் வழியாகச் செலுத்தி நைட்ரஜனைப் பிரிக்கும் கருவியை விமானத்துக்குள்ளேயே வைத்தார்கள். 2008 ஜூலையில் அமெரிக்காவில் சட்டமாகவும் வந்துவிட்டது.

போன மாதம் ஏற்காட்டுக் கடையொன்றில் வறுத்து அரைத்த காப்பித்தூள் பொட்டலம் வாங்கினேன். நைட்ரஜன் அடைத்தது என்று உறையில் போட்டிருந்தது. ஆக்சிஜன் பட்டால் தூளின் மணம் போய்விடுமாம். கடைக்காரரிடம் விமானக் கதையை ஆரம்பித்தேன். அவர் சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார்.

மஞ்சள் குழாயைப் பற்றி இன்றும் என் அபிப்பிராயம் மாறவில்லை. நைட்ரஜன் கருவி இருக்கிற விமானமானாலும், வெயிலில் நிற்கும்போது ஏசியுவை மாட்டுவதே சரி. பழைய விமானமென்றால் கேட்கவே வேண்டாம்.

தோட்டம் கைமாறிவிட்டது, பல்பரை இப்போது மோட்டார் ஓட்டுகிறது. பேரலின் மேல்மூடியை வெட்டியெடுத்துவிட்டு, கூரைத் தண்ணீர் பிடிக்க வைத்திருக்கிறார்கள். விளிம்பருகே மேஸ்திரி பற்றவைத்த ஒட்டு தடவினால் தெரிகிறது. உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ எண்ணெய் இருந்த காலிப் பேரல் கிடந்து, வெல்டிங்காரர் வருகிறார் என்றால், அவர் கேட்பதற்கு முன்பே தண்ணீரை நிரப்பி வையுங்கள்.