பருத்திக்காட்டுப் பாட்டைக் கப்பலில் கேட்டேன்

போன இதழுக்கு வந்த கேள்விகளில், கத்தரிக் காய்ப்புழுவுக்கும் நெல் நாற்றங்கால் மஞ்சளாவதற்கும் நடுவே ஒரு வாசகியின் கடிதம் இருந்தது. “மகன் அமெரிக்காவில் இருக்கிறான். நாங்கள் அங்கே போகும்போது ஒரு வாரம் பாட்டுக் கப்பலில் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். எங்களைப் போல காடு கழனியிலேயே இருந்தவர்களுக்கு அது ஒத்துவருமா? அங்கே என்னதான் இருக்கும்?” என்று கேட்டிருந்தார். என் மகளும் மருமகனும் போன ஜனவரியில் என்னையும் என் மனைவியையும் அப்படி ஒரு கப்பலில் அழைத்துப் போனார்கள். அதனால் அந்தக் கடிதத்தை ஆசிரியர் எனக்கே அனுப்பிவிட்டார்.

அம்மா, முதலில் மகனிடம் எந்தப் பாட்டு என்று கேளுங்கள். இந்தப் பயணங்களில் முழுக் கப்பலையும் ஒரே வகை இசைக்காக வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். 2011-லிருந்து ‘மெட்டல்’ என்ற இடிமுழக்க இசைக்கென்றே ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது. அதில் ஏறிவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது, சுற்றிலும் கடல்தான். நாங்கள் போனது ‘ப்ளூஸ்’ கப்பல். ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தில் ஏறி, கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு, ஏழு இரவு கழித்து அங்கேயே இறங்கினோம்.

ஏறும்போது விமான நிலையம் மாதிரிதான். பை சோதனை, பாஸ்போர்ட், படம். ஒரு அட்டை கொடுப்பார்கள். அறைச் சாவியும் அதுதான், பற்று எழுதும் நோட்டும் அதுதான். எதை வாங்கினாலும் அதை நீட்டினால் போதும், கடைசி நாள் மொத்தக் கணக்கும் வந்து நிற்கும். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சி முதல் நாளே உண்டு. 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இதில் கண்டிப்பு கூடிவிட்டது. “தெரியும், தெரியும்” என்று தட்டிக்கழிக்காமல் போய் நில்லுங்கள்.

பாட்டு பகல் முழுக்க உண்டு. பெரிய அரங்கம், நீச்சல்குளத்துத் தளம், சின்னச் சின்ன கூடங்கள் என்று ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடத்தில் நடக்கும். ஒன்றைத் தவறவிட்டால் கவலை வேண்டாம், அதே குழு வாரத்தில் இன்னொரு நாள் வேறு மேடையில் வாசிக்கும். நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நாதசுரம் வாசித்தவர் காலையில் பந்தியில் நம் பக்கத்தில் வந்து உட்காருவார் அல்லவா, அங்கேயும் அப்படித்தான். முந்தின இரவு மேடையில் இருந்தவர் காலையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிறார். பயணிகளில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். சிலர் கிடாரையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் அவர்களும் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார்கள். என் மனைவி பத்து மணிக்கே தூங்கப் போய்விடுவாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. பாஷை பாதி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது, அதனால்தான்.

ப்ளூஸ் பிறந்தது பருத்திக்காட்டில். மிசிசிப்பி டெல்டா என்ற கரிசல் போன்ற சமவெளியில், அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும், கறுப்பின மக்கள் வாரத்துக்கு உழுதார்கள். விதை, கோவேறு கழுதை, சாப்பாட்டு மளிகை எல்லாம் முதலாளியின் கடையிலேயே கடன். பருத்தி எடுத்துக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கையில் மிச்சமிருக்காது, அடுத்த வருஷத்துக்குக் கடன்தான் நிற்கும். நம் தாத்தா காலத்துக் கதை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதில் ஒரு பூச்சியும் சேர்ந்துகொண்டது. ‘பால் வீவில்’ என்ற காய் கூன்வண்டு, 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்து, 1907-ல் மிசிசிப்பிக்கு வந்தது. மொட்டிலும் காயிலும் ஓட்டை போட்டு முட்டையிடும். புழு உள்ளேயே தின்னும். அந்த வண்டைப் பற்றியே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். சார்லி பேட்டன் என்ற டெல்டாக்காரர் 1929-ல் அப்படி ஒரு பாட்டை இசைத்தட்டாகவே பதிவு செய்தார். முப்பது வருஷமாகப் பூச்சிக்கு மருந்து சொல்லிவரும் எனக்கு, பூச்சிக்குப் பாட்டு இருக்கிறது என்பது புதுச் செய்தி.

இந்த இசையின் பெரிய பெயர்களில் பலர் வயலில் வேலை பார்த்தவர்கள். மட்டி வாட்டர்ஸ் ஒரு பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். 1941-ல் ஆலன் லோமாக்ஸ் குழுவினர் அந்தப் பண்ணைக்கே போய் அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். பி.பி. கிங்கும் டிராக்டர்காரர்தான். 1946-ல் டிராக்டரின் புகைக்குழாய் உடைந்துபோக, முதலாளிக்குப் பயந்து மெம்பிஸ் நகரத்துக்கு ஓடினார். பிறகு திரும்பி வந்து உழைத்து அந்த நஷ்டத்தை ஈடுகட்டினார்.

மூன்றாம் நாள் இரவு ஒரு மணி இருக்கும். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டே வண்டுப் பாட்டு ஒன்று பாடினார். மறுநாள் காலை காபி எடுக்குமிடத்தில், மகள் மொழிபெயர்க்க, நான் பயிர்த்துறைக்காரன் என்றேன். “உங்கள் ஊரிலும் அந்த வண்டு உண்டா?” என்று கேட்டார். அது இல்லை, எங்களுக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்றேன். அவருடைய தாத்தா வாரத்துக்கு உழுதவராம். டெக்சாஸின் தென்கோடி தவிர மற்ற இடங்களில் இப்போது அந்த வண்டை ஒழித்துவிட்டார்கள். “வண்டு போய்விட்டது, நிலமும் எங்களிடம் இல்லை” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சாப்பாடு மலைபோல் குவிந்திருக்கும் கப்பலில் கடன்காரன் பாட்டைக் கேட்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெரியவருக்குச் சம்பளமும் மரியாதையும் கிடைக்கும் இடம் அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி செலவு. எங்களுக்கு ஆளுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் குறையவில்லை. விமான டிக்கெட் தனி. ஊழியர்களுக்கான டிப்ஸ் நாளொன்றுக்கு ஆளுக்கு 15 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாக ஏறும். இதற்காகக் கடன் வாங்கவோ நகையை வைக்கவோ வேண்டாம், பிள்ளை தாராளமாகச் செய்ய முடிந்தால் மட்டும் போங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு. தூங்க மட்டும்தானே போகிறோம். கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவாகத் தெரியும். குமட்டலுக்கு டாக்டரிடம் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சி மரப்பாவும் கைகொடுத்தது. சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் சோறு, பருப்பு, தயிர் கிடைக்கும். நம் ருசி எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒருவருக்கு வாந்திபேதி வந்தால் கப்பல் முழுக்கப் பரவும். செல்போனை ‘ஏரோபிளேன் மோடில்’ போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் சிக்னலைப் பிடித்துப் பெரிய பில் வரும். அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைய வேண்டியிருப்பதால் பலமுறை நுழையும் விசா வேண்டும். தீவுகளின் விசா விதியையும் டிக்கெட் போடும் முன்பே மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். பால் கறக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, அறுவடை இல்லாத மாதமாகப் பாருங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போது பையில் பச்சைக் கறிவேப்பிலை வைக்காதீர்கள். அமெரிக்க விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், சொல்லாமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதில் வரும் சாற்றுப்பூச்சிதான் ஆரஞ்சு மரத்தைக் கொல்லும் ‘கிரீனிங்’ நோயைப் பரப்புகிறது. 2005-ல் ஃப்ளோரிடாவில் அந்த நோய் தெரிந்தது. அதற்குப் பிறகு அங்கே ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கப்பலிலிருந்து இறங்கும்போதும் இதே சோதனைதான், தீவில் வாங்கிய பழத்தைக் கப்பலிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.