பெட்டகத்துள் ஒரு கிருகம்

ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூசியத்தில், ரெம்பிராண்டின் பெருஞ்சித்திரங்களைக் கண்டு நிறைந்த கண்களோடு பெட்ரோனெல்லா ஊர்ட்மன் அம்மையாரின் பொம்மை வீட்டுக்கு முன் வந்து நின்றபோது, அளவிற் சிறியதென்பதால் ஒரு வேலைப்பாடு மகிமையிற் சிறியதாகிவிடாது என்னும் உண்மை எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. ஆமையோடும் ஈயக்கலவைத் தகடும் இழைத்து, எட்டடிக்கும் மேலாக நிமிர்ந்து நிற்கும் பெட்டகத்துள் ஒன்பது அறைகள். பட்டு வணிகர் ஒருவரின் பத்தினியான அவ்வம்மையார், 1686 முதல் 1710 வரை ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்து இவற்றை நிரப்பினார். அதற்கான செலவில் கால்வாய்க் கரையில் மெய்யான மாளிகையொன்றையே வாங்கியிருக்கலாம் என்பர்.

பீங்கான் கலங்கள் சீனத்திலிருந்து தருவிக்கப்பட்டன. வெள்ளித் தட்டாரும், கண்ணாடி ஊதுவோரும், தச்சரும், கூடை முடைவோரும், ஊராருக்கு எந்தப் பொருளை எந்த மூலப்பண்டத்தால் எம்முறையிற் செய்து வந்தனரோ, அம்முறை வழுவாமல் அளவை மாத்திரம் குறுக்கிச் செய்து கொடுத்தனர். கூடையொன்றை நெடுநேரம் உற்று நோக்கினேன். இழைகள் ஒன்றன்மேலொன்று மாறி மாறி ஏறியிறங்கி விளிம்பில் மடிந்து முடியும் பின்னலில், சந்தைக்குப் போகும் பெரிய கூடைக்குரிய இலக்கணம் அனைத்தும் இருந்தது.

துணியின் சங்கதி வேறு. அதன் சூட்சுமத்தை, இக்கலையை இன்றும் தொழிலாகப் பயிலும் ஒரு மூதாட்டியாரின் பணிமனையிலேதான் அறிந்தேன். மரத்தைக் குறுக்கலாம், வெள்ளியையும் குறுக்கலாம், துணி மட்டும் எளிதில் இணங்காது என்றார் அவர். பெரிய ஜன்னலில் தன் பாரத்தாலேயே தழையத் தழையத் தொங்கும் பட்டு, விரலளவாக நறுக்கியவுடன் பாரமிழந்து, இழையின் விறைப்பு மட்டும் குறையாமல், அட்டைபோல் நின்றுவிடுகிறது. ஆகையால் அவர் மிக மெல்லிய பழந்துணியைத் தேடியெடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ச் சாமணத்தால் கொசுவிக் கொசுவி, மடிப்புக்கொரு குண்டூசி குத்திப் பலகையில் இருத்தி, நீர்த்த கஞ்சி தடவி உலர விட்டார். உலர்ந்தபின் ஊசிகளைக் களைந்ததும், பாரமில்லாத அச்சீலை பாரமுள்ளதுபோலவே தொங்கிற்று. பார்ப்பவர் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் ஒவ்வொரு மடிப்பும் ஒருவருடைய பிரயாசை.

1710-ஐ ஒட்டி யாக்கோப் ஆப்பல் இவ்வீட்டைத் தீட்டிய சித்திரமும் அக்காட்சிசாலையில் உண்டு. அதிலே உடையணிந்து உலவும் பாவைகளில் தொட்டிற் குழந்தை ஒன்று தவிர மற்றவை இன்று இல்லை; அவர்களுக்கென்று சமைத்த சாமான்களோ மூன்று நூற்றாண்டுகளைக் கடந்தும் நிலைத்திருக்கின்றன. அறைகளுக்குச் சித்திரம் எழுதிய நிக்கோலாஸ் பீமொன்ட், யோஹன்னஸ் வோர்ஹௌட் ஆகியோரின் பெயர்களைச் சரித்திரம் போற்றி வைத்திருக்கிறது. ஆனால் கூடை முடைந்தவரையும் படுக்கை விரிப்புக்கு ஓரம் அடித்தவரையும் எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சீமாட்டியின் செல்வம் இவ்வீட்டைத் தோற்றுவித்தது மெய்யே. எனினும் இதை நாம் இன்று வியந்து நோக்குவது அச்செல்வத்துக்காக அன்று. ஒரு நகரத்துத் தொழிலாளர் அனைவரும் தத்தம் வித்தையை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்த சாசனம் இது. விரிப்பின் தையலையும் கூடையின் விளிம்பையும் நின்று வாசிக்கிறவர்களே அச்சாசனத்தை முழுமையாக அறிந்தவராவர்.