தவில் அடிக்கு இடம் விட்டு

பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றினால் ஏன் கரகரக்கிறது என்று நேரில் பார்க்கத்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். தெருவில் நுழையும்போதே சால்டரிங் புகை மூக்கில் ஏறியது. ஒரு கடையில் 150 ரூபாய் சொன்ன யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு, நாலு கடை தள்ளி 120. “லெவலை ஃபுல்லா வெச்சிடுங்க சார், கிளியரா வரும்” என்றார் விற்றவர்.

கேசட் மாற்றித் தரும் கடை மாடியில் இருந்தது. குறுகலான படி, உள்ளே மின்விசிறிகூட ஓடவில்லை. கேசட்டுக்கு 250 ரூபாய். கேசட் டெக்கில் யாரோ கொடுத்த கோயில் திருவிழா நாதஸ்வரக் கச்சேரி சுழன்றுகொண்டிருந்தது.

கணினியின் பின்னால் மூன்று துளைகள். பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் லைன்-இன். டெக்கின் ஒயர் நீலத்தில் இருந்தது. ரோஸில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கடைக்காரர் போட்டே காட்டினார். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ரெக்கார்டிங், மைக்ரோஃபோன், லெவல்ஸ் என்று உள்ளே போனால் ‘பூஸ்ட்’ என்று தனியாக ஒரு கோடு. அது +20 டெசிபலில் நின்றது, அதாவது மின்னழுத்தம் பத்து மடங்கு. மைக்கின் மெலிந்த சிக்னலுக்கு அது தேவை. டெக்கிலிருந்து வருவதோ ஏற்கெனவே பலமானது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மீட்டர் சிவந்தது. தவில் அடி விழுந்த இடமெல்லாம் அலையின் உச்சி சீவிய நுங்குபோலத் தட்டையாக இருந்தது.

லெவலை 100லிருந்து 40க்கு இறக்கச் சொன்னேன். மீட்டர் பச்சைக்குள் அடங்கிவிட்டது. மீட்டரை மட்டும் பார்த்தால் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் காதில் கரகரப்பு போகவில்லை. அலையைப் பெரிதாக்கினோம். உயரம்தான் குறைந்திருந்தது, உச்சி அப்படியே தட்டை. அந்தக் கணினியில் பூஸ்ட் முதலில் வெட்டிவிடுகிறது, லெவல் கோடு வெட்டியதைச் சின்னதாக்குகிறது, அவ்வளவே. வெட்டுப்பட்ட ஒலி அப்படியே திரும்பி வராது. இதைக் கண்ணால் பார்த்தபின் “ஃபுல்லா வெச்சிடுங்க” என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

ஒயர் நீலத்துக்குத் திரும்பியது. ஒலியைத் தானாகத் திருத்தும் என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணைத்தார். பிறகு கேசட்டை ஓட்டி, தவில் தனி உச்சத்துக்குப் போகும் இடத்தைத் தேடினார். அளவு வைக்க வேண்டியது அங்கேதான், அமைதியான ஆலாபனையில் இல்லை. டெக்கின் குமிழைத் திருப்பி, பலத்த அடியும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் நிறுத்தினார். டிஜிட்டலில் பூஜ்யம்தான் கூரை, அதற்கு மேல் இடமில்லை. பதிவு சன்னமாக இருந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

மெல்லிய ‘ம்ம்’ இரைச்சல் ஒன்று பாக்கி. பக்கத்தில் இருந்த லேப்டாப்பும் அதே டெக்கோடு இணைந்திருந்தது. அதன் சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. ஸ்பீக்கரில் ‘ஸ்ஸ்’ வந்ததற்கும் வழி எளிது: கணினி வால்யூமை 80க்கு ஏற்றி, ஸ்பீக்கர் குமிழை இறக்கினார்.

பி பக்கத்தைப் போட்டதும் பழைய அளவிலேயே ஓட்டிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை, மறுபடி தவிலைத் தேடினார். அந்தப் பக்கம் ஒலி இன்னும் பலமாகப் பதிவாகியிருந்தது. குமிழை ஒரு நூல் இறக்கிவிட்டுத்தான் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினார்.