உம்மாவின் பினாங்குப் பயணம்

எண்பதைக் கடந்த நம் அன்னையாருக்கு நெடுநாளைய ஆவல் ஒன்றுண்டு: தம் தந்தையார் வணிகம் செய்த பினாங்கைக் கண்ணாரக் காண வேண்டும். முழங்கால்களோ பத்தடிக்கு மேல் இசைவதில்லை. ஆயினும் வரும் விடுமுறையில், கோலாலம்பூர் வரை விமானத்திலும், அங்கிருந்து நாமே ஓட்டும் வாடகைக் காரிலும் அழைத்துச் செல்ல உறுதி பூண்டோம்.

மலேசியாவிலும் இடப்புறமாகவே வண்டி ஓட்டுவர். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்கேயே பெறலாம். தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இளைஞர் அரை நாளில் கடப்பர். நாம் அதனை இரண்டு நாளாக்கி, ஈப்போவில் இரவு தங்கத் திட்டமிட்டோம். இருக்கை சற்றே உயர்ந்த கார், தரைத்தள அறை, குளியலறையில் கைப்பிடி, நெடுஞ்சாலை ஓய்விடங்கள் எனக் குறிப்பு நீண்டது. தீவுக்குப் படகேறவும் வேண்டா. 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் இருக்கிறது.

குறிப்பைப் படித்துக் காட்டினோம். “நான் எதுக்கு வாப்பா பாரமா? நீ மட்டும் போயிட்டு வா” என்றார்கள்.

“உங்க வாப்பா கடை சூலியா தெருவில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதே, உம்மா!”

சற்று நேரம் மௌனம். பின்னர், “ஈப்போவிலே ரெண்டு ராத்திரி தங்கலாம், எழுதிக்கோ” என்றார்கள்.

பெற்றோரைச் சுமந்து செல்வது வேறு. அவர்கள் வழிகாட்ட உடன் செல்வது வேறு. இரண்டாவதற்கே நாம் ஆயத்தமாகிறோம்.